புது டிஏசியா, பழைய சிடி பிளேயரா? ஒப்பிட்டுக் கேட்பது எப்படி: கேள்வி பதில்

சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), ஸ்ட்ரீமர் (நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்துத் தரும் பெட்டி), போன் டாங்கிள் (போனில் செருகும் குட்டி டிஏசி) என்று வீட்டில் இருக்கும் டிஜிட்டல் பெட்டிகளை ஒப்பிடுவது பற்றி மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கே.கே.நகரிலிருந்து: அண்ணே, எங்கிட்ட பழைய சிடி பிளேயர் ஒண்ணு இருக்கு. இப்பப் புதுசா டிஏசி ஒண்ணு வாங்கி மாட்டிருக்கேன். டிஏசி வழியா கேட்டா பாட்டு பளிச்சுனு இருக்கு, குரல் முன்னாடி வருது. வீட்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இது டிஏசியோட குணந்தானா?

இருக்கலாம் தம்பி. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சத்த அளவை. சிடி பிளேயரின் அனலாக் அவுட் (ஆம்புக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயருக்கு, நேராகப் போகும் ஒலி சிக்னல்) முழு அளவில் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். புது டிஏசிகளில் சில 2.3 வோல்ட் வரை தருகின்றன. பேலன்ஸ்டு அவுட் என்றால் பெரும்பாலும் 4 வோல்ட், அதாவது 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதல். 2-க்கும் 2.3-க்கும் உள்ள வித்தியாசம் 1.2 டெசிபல். இந்த அளவு கூடினால் "சத்தம் ஜாஸ்தியாயிருச்சு" என்று யாருக்கும் தோன்றாது. "தெளிவா இருக்கு, பேஸ் நல்லா இருக்கு" என்றுதான் தோன்றும். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பேஸ் குறைவாகத்தான் கேட்கும், அளவு ஏற ஏற அது நிறைந்து வரும். அதனால் அளவைச் சமன் செய்யாமல் கேட்ட எந்தத் தீர்ப்பையும் நான் கணக்கில் எடுப்பதில்லை, யார் சொன்னாலும் சரி.

உங்களிடம் இருப்பதை வைத்தே சரியாகச் செய்யலாம். சிடி பிளேயரின் அனலாக் அவுட்டை ஆம்பின் சிடி இன்புட்டில் கொடுங்க. அதே பிளேயரின் டிஜிட்டல் அவுட்டை (கோஆக்சியல் அல்லது ஆப்டிகல்) டிஏசிக்குக் கொடுத்து, டிஏசியிலிருந்து ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டுக்கு வாங்க. இப்போது ஒரே சிடி, ஒரே நேரத்தில், இரண்டு வழியாகவும் ஓடுகிறது. பாட்டில் அதே இடத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை இல்லை, ஆம்பில் இன்புட்டை மாற்றினால் போதும். ஒலியின் நுணுக்கம் மனசில் சில நொடிகள்தான் நிற்கும். ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டி, திரும்பக் கேட்பது ஒப்பீடே ஆகாது.

அடுத்து, அளவைச் சமன் செய்ய ஒரு டோன் (ஒரே சீரான ஒலி) வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் 300 ஹெர்ட்ஸ் சைன் டோன், ஆம்ப்ளிட்யூட் 0.25 (முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே), இரண்டு நிமிடத்துக்கு உருவாக்கி, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் ஃபைலாக சிடி-ஆரில் எழுதிக்கொள்ளுங்க. எல்லோரும் சொல்லும் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவீடு கரண்ட் கம்பியின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. 400 ஹெர்ட்ஸுக்கு மேலே பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும்.

மீட்டரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சின்ன மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். அது 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாது, நம் வேலைக்கு ஆகாது. ஏசியில் 2 வோல்ட் ரேஞ்ச் உள்ளதாக, மூன்று தசம இடம் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்க.

ஸ்பீக்கர் மாட்டியபடியே இருக்கட்டும். மீட்டர் முனைகளை இடது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு டெர்மினலில் வைத்து, சிடி இன்புட்டில் டோனை ஓட்டி, ஆம்ப் வால்யூமை 1.000 வோல்ட் காட்டும் வரை திருப்புங்க. இனி ஆம்ப் வால்யூமில் கை வைக்கக் கூடாது. ஆக்ஸுக்கு மாற்றி, டிஏசியின் வால்யூமைக் குறைத்து 0.990-க்கும் 1.010-க்கும் நடுவில் கொண்டுவாங்க. ஒரு சதவீதம் என்பது 0.1 டெசிபலுக்குள் அடங்கும், அது போதும். வலது பக்கத்தையும் தனியாக அளக்கணும். பழைய பிளேயர்களில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் போவது உண்டு.

இதெல்லாம் செய்து, கீழே சொல்வதுபோல் கண்ணை மறைத்துக் கேட்டபிறகும் டிஏசி தெளிவாக இருந்தால், அது டிஏசியின் குணம்.

திருப்பரங்குன்றத்திலிருந்து: என் டிஏசியில வால்யூமே கிடையாது சார். அளவை எப்படிக் குறைக்கிறது?

இரண்டு ரெசிஸ்டர் போதும். 2.3 வோல்ட்டை 2 ஆக்க, கணக்குப்படி சிக்னலோடு தொடராக 1.5 கிலோ ஓம், அதன் பிறகு சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 கிலோ ஓம். ஆனால் ஆம்பின் இன்புட்டும் அந்த 10 கிலோவுக்கு இணையாகச் சேர்ந்துகொள்ளும். ஆம்ப் இன்புட் 47 கிலோ ஓம் என்றால் 10 என்பது 8.2 ஆகிவிடும், அளவு கால் டெசிபல் கூடுதலாக இறங்கிவிடும். அப்போது தொடர் ரெசிஸ்டரை 1.2 கிலோவாக மாற்றினால் சரியாக வரும். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்தான் வாங்கணும், இரண்டு பக்கத்துக்குமாக நான்கு. ஆம்பில் மாட்டிய பிறகே அளந்து பாருங்க. வெறும் மேஜையில் அளந்தால் ஏமாந்துபோவீங்க.

வாடிப்பட்டியிலிருந்து: ஹோம் தியேட்டர் ரிசீவர்ல ரெண்டு டிஏசி மாட்டிக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. காசு தண்டமா?

அவசரப்படாதீங்க. பெரும்பாலான ஏவி ரிசீவர்கள் அனலாக் இன்புட்டில் வருவதையும் உள்ளே திரும்ப டிஜிட்டலாக்கி, பேஸ் மேனேஜ்மென்ட், ரூம் கரெக்ஷன் எல்லாம் செய்து, தன்னுடைய டிஏசி வழியாகத்தான் வெளியே விடும். நீங்கள் கேட்டது இரண்டு முறையும் ரிசீவரின் டிஏசியைத்தான். 'ப்யூர் டைரக்ட்' மோடு இருந்தால் அதில் போட்டு, சப்வூஃபர் நின்றுவிடுகிறதா என்று பாருங்க. பல மாடல்களில் அது நின்றால் அனலாக் நேராகப் போகிறது என்று அர்த்தம். அந்த மோடு இல்லாத ரிசீவரில் டிஏசி ஒப்பீடு வேண்டாம்.

அனுப்பானடியிலிருந்து: வித்தியாசம் கேக்குற மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. எப்படி உறுதி பண்றது?

கண்ணை மறைக்கணும். இரண்டு பெட்டிக்கும் ஆம்பின் டிஸ்ப்ளேவுக்கும் மேலே துணியைப் போடுங்க. வீட்டில் ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று காசு சுண்டி, தலை விழுந்தால் சிடி, பூ விழுந்தால் டிஏசி என்று மாற்றட்டும். ஒவ்வொரு முறையும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும், நீங்களும் எது என்று எழுத வேண்டும், நடுவில் பேச்சே கூடாது. இன்புட் மாறும்போது ரிலே 'டிக்' என்று சத்தம் போடும் ஆம்புகள் உண்டு. அப்படியென்றால் இன்புட் மாறினாலும் மாறாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் முதலில் மூன்றாவது இன்புட் ஒன்றுக்குப் போய்விட்டு அங்கிருந்து வேண்டிய இன்புட்டுக்கு வரச் சொல்லுங்க, இல்லையென்றால் 'டிக்' காட்டிக்கொடுத்துவிடும்.

16 முறை செய்து 12 சரியாக வந்தால், குருட்டாம்போக்கில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 10 முறை மட்டும் என்றால் 9 சரியாக இருக்கணும். 8 வந்தாலும் பத்தாது. 16-ல் 9, 10 வந்தால் அந்தப் பெட்டிகளை உங்கள் காது பிரிக்கவில்லை. அதில் ஒரு தாழ்வும் இல்லை.

கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைல்களை ஒப்பிடுவதென்றால் ஃபூபார்2000 பிளேயர் மென்பொருளுக்கான ஏபிஎக்ஸ் கம்பேரட்டர் (எது ஓடுகிறது என்று காட்டாமல் மாற்றி மாற்றிக் கேட்க வைக்கும் கருவி) இதையெல்லாம் தானாகச் செய்யும்.

திருமங்கலத்திலிருந்து: லேப்டாப்ல டிஏசி மாட்டினா ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். சார்ஜரைக் கழட்டினா நின்னுருது. டிஏசி பழுதா?

டிஏசியில் குற்றம் இல்லை. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆம்ப் வழியாக இன்னொரு எர்த், நடுவில் யூஎஸ்பி கேபிளும், டிஏசியை ஆம்போடு இணைக்கும் ஆர்சிஏ கேபிளும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டது. அந்த வளையத்தில் ஓடும் கசிவு கரண்ட்தான் சத்தமாகக் கேட்கிறது. ஒப்பிடும் நேரத்தில் லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்க. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்க. அப்படியும் போகாவிட்டால் ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்க. ஆப்டிகலில் மின் இணைப்பே இல்லை, வளையம் அறுந்துவிடும். டிவி செட்டாப் பாக்ஸ் அதே ஆம்பில் மாட்டியிருந்தால், கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்க. தெருவிலிருந்து வரும் அந்த ஒயர் தன்னோடு வேறொரு எர்த்தைக் கொண்டுவரும்.

சத்தம் போக வேண்டும் என்று மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைக்கவே கூடாது. ஆம்புக்குள் ஏதாவது பழுதானால் அதன் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும், தொட்டவர் உயிருக்கு ஆபத்து.

நம் பக்கம் கோடையில் மண் காய்ந்து எர்த் பிட் பலமிழந்துபோவது சாதாரணம். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்க. சில வோல்ட்டைத் தாண்டி நின்றால் குழியில் தண்ணீர் ஊற்றி, திரும்ப அளந்து பார்க்கணும். அப்படியும் இறங்காவிட்டால் குழியைப் புதிதாகப் போட வேண்டியதுதான். இன்னொன்று: இரண்டு முனை அடாப்டர் உள்ள கருவிகளின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், அதில் கசிவு மின்சாரம் நிற்கிறது. ஆர்சிஏ கேபிளை மாட்டுவதும் கழற்றுவதும் கரண்டை நிறுத்திவிட்டுத்தான்.

மேலூரிலிருந்து: அண்ணே, போன் டாங்கிள் இருபதாயிரம் ரூபா டிஏசிக்கு ஈடுன்னு சொல்றாங்களே?

ஆம்புக்குக் கொடுக்கும் வேலையில், அளவைச் சமன் செய்தபிறகு, நல்ல டாங்கிளைப் பிரித்துக் கேட்பது கஷ்டம். ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் ஏறக்குறைய 1 வோல்ட் தரும். 2 வோல்ட் டிஏசிக்கு எதிரே அது 6 டெசிபல் கீழே நிற்கிறது, சமன் செய்யாமல் கேட்டால் கண்டிப்பாகத் தோற்கும். சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் வால்யூம் இன்னும் கீழே நின்றுவிடும். ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லா ஒலியையும் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்பும். யூஎஸ்பியை நேராகப் பிடிக்கும் பிளேயர் ஆப் போட்டால் அந்த மாற்றம் இருக்காது. பவர் கேட்கும் பெரிய ஹெட்போனுக்கு மட்டும் டாங்கிள் பத்தாது.

சோழவந்தானிலிருந்து: நாஸ் டிஏசின்னு ஒண்ணு கேட்டேன். ரொம்ப இதமா இருந்துச்சு. இதுலயும் வித்தியாசம் இல்லைன்னு சொல்வீங்களா?

இதில் வித்தியாசம் உண்டு, அளந்தே காட்டலாம். நாஸ் (நான்-ஓவர்சாம்ப்ளிங்), அதாவது எண்களுக்கு நடுவில் கூடுதல் புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பும் ஓவர்சாம்ப்ளிங் ஃபில்டர் இல்லாத டிஏசியில் 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டு ஓடும்போது 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும், 20 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலும் இறங்கும். ஜால்ராவின் ஓசையும் 'ச' எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். அதைத்தான் இதம் என்று கேட்கிறீர்கள். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்க. ஆனால் ஈக்வலைசரில் மேல் சுருதியை அதே அளவு இறக்கி, உங்கள் பழைய டிஏசியிலும் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்க.

உசிலம்பட்டியிலிருந்து: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் சிடியை விட நல்லா கேக்குமா?

கடையில் வாங்கும் இரண்டு பதிப்புகளை ஒப்பிடாதீங்க; மாஸ்டரிங்கே (வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலை) வேறாக இருக்கும். 24/96 ஃபைலை நீங்களே சாக்ஸ் மென்பொருளில் டிதர் (பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) போட்டு 16/44.1 ஆக்கி, அந்த இரண்டையும் ஏபிஎக்ஸில் கேளுங்க. 2007-ல் மேயர், மோரன் இருவரும் வெளியிட்ட, இதேபோல் உயர் தர ஒலியையும் சிடி தர ஒலியையும் பிரித்துக் கேட்கும் சோதனையில் 554 முறையில் பாதிதான் சரி, காசு சுண்டியதற்குச் சமம். 2016-ல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சரியான பதில் 52.3 சதவீதம் வந்தது. ஏதோ இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. அதற்காக ஸ்பீக்கர் காசைக் குறைக்காதீங்க.

ஆரப்பாளையத்திலிருந்து: ப்ளூடூத்தை ஒப்பீட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எஸ்பிசி வழக்கமாக உச்சத்தில் நொடிக்கு 328 கிலோபிட். எல்டிஏசி 990, 660, 330 என்று சிக்னலைப் பொறுத்துத் தானே மாறும். நீங்கள் கேட்ட நேரத்தில் எதில் ஓடியது என்றே தெரியாது.

அலங்காநல்லூரிலிருந்து: எங்க ரூம் பத்துக்குப் பன்னிரண்டு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. இதுல வச்சுக் கேட்டா சரியா வருமா?

இந்த அறைதான் உங்களுக்கு டிஏசியை விடப் பெரிய விஷயம். 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 10 அடி அகலத்தில் 57 பக்கத்திலும் பேஸ் எதிரொலித்து நிற்கும். சில இடத்தில் கும்மென்று இருக்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளமே 7 சென்டிமீட்டர்தான்; தலை அரை அடி நகர்ந்தாலும் நாதஸ்வரத்தின் குரல் மாறும். இரண்டு டிஏசிக்கு நடுவில் அவ்வளவு வித்தியாசம் வருவதில்லை. நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, அசையாமல் உட்காருங்க. சுவருக்கு ஓரமாகக் கனமான ஜமுக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி, ஓரத்தில் மெத்தை நிறுத்தினால் கைதட்டும்போது வரும் 'டிர்ர்' அடங்கும். சுங்குடிச் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டுப் பயன் இல்லை, துணி கனமாக, மடிப்போடு, சுவரிலிருந்து நாலு விரலாவது தள்ளி இருக்கணும்.

ஃபேன் ஓடினால் மெல்லிய ஒலிகள் எல்லாம் அதில் முங்கிவிடும். சித்திரை, வைகாசியில் ஃபேனை நிறுத்தி உட்கார முடியாது என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கேளுங்க. தெருவும் அடங்கியிருக்கும்.

தெப்பக்குளம் பக்கமிருந்து: எந்தப் பாட்டு போட்டுக் கேக்கணும் சார்?

பழகிய பாட்டு, நல்ல பதிவு. நாதஸ்வரமும் தவிலும் நல்ல சோதனை: தவிலின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) அடி எவ்வளவு சட்டென்று நிற்கிறது, ஜால்ரா தேய்ந்துபோகும் வால் எவ்வளவு நேரம் கேட்கிறது என்று கவனியுங்க. ஒரே பத்து நொடித் துண்டைத் திரும்பத் திரும்பப் போடுங்க. மதுரை மணி அய்யரின் பழைய மோனோ கச்சேரிப் பதிவுகளை ஒலித் தரம் பார்க்க எடுக்க வேண்டாம். ஆனால் இன்னொரு வேலைக்கு அவை அருமை. மோனோ என்பதால் அவர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பெட்டியில் நடுவிலும் இன்னொன்றில் இடப்பக்கம் சாய்ந்தும் கேட்டால், சாய்ந்து கேட்ட பெட்டியில் சேனல் அளவு பிசகியிருக்கிறது. மீட்டரை எடுத்து இரண்டு பக்கத்தையும் திரும்ப அளங்க.