"உன்னைச் சொல்லவில்லைடா" என்கிறான் மகனின் நண்பன்

கேள்வி: கோவையிலிருந்து வந்து பத்து வருடமாக ஜெர்மனியில், கெம்னிட்ஸ் நகரில் இருக்கிறோம். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. முதல் வகுப்பிலிருந்து அவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்த பக்கத்து வீட்டுப் பையன், என் கையால் எத்தனையோ தோசை சாப்பிட்டவன், ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டான். ஒட்ட வெட்டிய முடி, கறுப்பு ஜாக்கெட், கேம் விளையாடும் பெயருக்குப் பின்னால் 88. வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரையும் அனுப்ப வேண்டுமாம். "உன்னைச் சொல்லவில்லைடா, நீ வேற" என்று என் மகனிடம் சொல்கிறான். அவன் அப்பா அம்மா தங்கமானவர்கள். நல்ல வீட்டுப் பிள்ளை எப்படி இதில் போய் விழுகிறான்? பழகாதே என்று சொல்லிவிடவா?
- பெயர் வேண்டாம்

பதில்: முதலில் அந்த 88. எழுத்து வரிசையில் எட்டாவது 'எச்'. இரண்டு எச் சேர்ந்தால் ஹைல் ஹிட்லர், நாஜிகளின் வாழ்த்துக் கோஷம். பிறந்த வருடத்தை அப்படிப் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் இவன் 1988இல் பிறந்திருக்க வழியில்லை. நீங்கள் பயப்படுவதில் தப்பே இல்லை.

நல்ல வீடு, கெட்ட வீடு என்று பார்த்தால் இது பிடிபடாது. வேலையில்லாத் திண்டாட்டம்தான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. 1990இல் இரண்டு ஜெர்மனியும் சேர்ந்தபோது உங்கள் ஊர் இருக்கும் கிழக்குப் பகுதியில் அரசு ஆலைகள் கைமாறின, மூடின, இளம்பெண்கள் உட்பட ஏராளமான இளைஞர்கள் மேற்கே போய்விட்டார்கள். மிச்சமிருந்த வீடுகளில் "நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்ற பேச்சைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆனால் அதே தெருவில் அதே பேச்சைக் கேட்டு வளர்ந்த பெரும்பாலான பையன்கள் இந்தப் பக்கம் வரவே இல்லையே.

என்எஸ்யு என்ற நவநாஜிக் கும்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைக் கொன்றார்கள், எட்டுப் பேர் துருக்கிய வம்சாவளி. போலீஸ் வருடக்கணக்காகச் செத்தவர்களின் குடும்பத்தையே சந்தேகித்தது. உண்மை 2011இல்தான் வெளியே வந்தது. கும்பலின் மையமாக இருந்த மூன்று பேரும் பழகியது யேனா நகரில் ஒரு சாதாரண இளைஞர் மன்றத்தில். ஒருவனின் அப்பா பேராசிரியர். 1998இல் தலைமறைவானபோது முதலில் ஒளிந்தது உங்கள் கெம்னிட்ஸில்தான்.

பதினான்கு வயதுப் பையன் கொள்கை படித்துவிட்டு இதற்குள் போவதில்லை. கூட நிற்க நாலு பேர், பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு அண்ணன், போட்டுக்கொள்ள ஒரு உடை, தெருவில் போனால் மற்றவன் ஒதுங்குகிற ஒரு கெத்து, இதற்காகத்தான் போகிறான். வெறுப்பு அப்புறம் வருகிறது, அங்கே நீடிக்க அவன் கட்டுகிற சந்தா மாதிரி. நம் தென் மாவட்டப் பள்ளிகளில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வரும் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஆள் பிடிக்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்: 2004இல் ஜெர்மன் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க 50,000 பாட்டு சிடிக்களைத் தயாரித்தார்கள், புத்தகம் அல்ல. இன்றைக்கு அந்த வேலையை போன் செய்கிறது. முதலில் நையாண்டிப் படம், யாராவது முகம் சுளித்தால் "சும்மா ஜோக்", கொஞ்ச நாளில் ஜோக் என்று சொல்வதும் நின்றுவிடும். 2025 மே மாதம் அகதிகள் விடுதிகளைத் தாக்கத் திட்டமிட்டதாகக் கைதான பையன்களில் பதினான்கு வயதுக்காரனும் உண்டு.

"நீ வேற" என்பது உங்கள் மகனுக்கு அவமானம்தான், அதை மழுப்ப வேண்டாம். அதே சமயம், தனக்குத் தெரிந்த ஒருவனை அந்தக் கோஷத்துக்குள் அடைக்க அவனால் இன்னும் முடியவில்லை என்பதும் அதில் தெரிகிறது. கிழக்கு பெர்லினில் நாஜிக் கும்பலுக்குத் தலைவனாக இருந்த இங்கோ ஹாசல்பாக் 1993இல் வெளியே வந்ததற்கு, ஓர் ஆவணப்பட இயக்குநரோடு ஏற்பட்ட பழக்கமும், 1992இல் ம்யோல்ன் நகரில் வேறு நவநாஜிகள் துருக்கியக் குடும்பத்தின் வீட்டுக்குத் தீ வைத்து மூன்று பேரைக் கொன்ற அதிர்ச்சியும் காரணம். பிறகு முன்னாள் போலீஸ் அதிகாரி பெர்ன்ட் வாக்னரோடு சேர்ந்து 2000இல் எக்ஸிட் ஜெர்மனி என்ற அமைப்பைத் தொடங்கினார், வெளியே வர நினைக்கிறவர்களுக்காக. கெட்டிக்கார ஆட்கள். 2011இல் கேரா நகரில் நடந்த வலதுசாரி இசை விழாவில் மண்டை ஓடு போட்ட டி-சர்ட்களை இலவசமாகக் கொடுக்க வைத்தார்கள். வீட்டில் துவைத்ததும் அந்தப் படம் கரைந்து, "உன் டி-சர்ட்டால் முடிந்தது உன்னாலும் முடியும்" என்ற வாசகமும் உதவிக்கான அழைப்பும் தெரிந்ததாம்!

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பழகாதே என்று உத்தரவு போடாதீர்கள், அதே நேரம் அவனைத் திருத்தும் பொறுப்பை உங்கள் பிள்ளை தலையில் கட்டவும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு அவன் தனியாக வந்தால் வரட்டும். புது நண்பர்களோடு இருக்கும் இடத்துக்கு உங்கள் மகன் போகவே கூடாது, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அவன் பெற்றோரிடம் குற்றம் சாட்டாமல் அந்த 88ஐப் பற்றிச் சொல்லுங்கள், அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். எக்ஸிட் இப்படிப்பட்ட பெற்றோருக்கும் ஆலோசனை தருகிறது, அதையும் சொல்லுங்கள். ஜெர்மனியில் பொது இடத்தில் ஹிட்லர் சல்யூட் அடிப்பது குற்றம், பதினான்கு வயதிலிருந்தே வழக்குப் போடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பையனுக்குத் தெரியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். மிரட்டல், கைகலப்பு என்று ஏதாவது வந்தால் பள்ளியிலும் போலீசிலும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் நகரிலேயே இனவெறித் தாக்குதலுக்கு ஆளானவர்களுக்கான ஆலோசனை மையமும் இருக்கிறது.

கடிதம் முழுக்க அந்தப் பையனைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அந்த "நீ வேற"வைக் கேட்டபோது உன் மனசுக்கு எப்படி இருந்தது என்று உங்கள் மகனிடம் கேட்டீர்களா? இன்று ராத்திரி கேளுங்கள்.