வயலை விற்க வேண்டாம் அம்மா

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தி. மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. வயலை விற்று வெளிநாட்டில் டொக்டருக்குப் படிப்பிக்கச் சொல்லி மாமன்மார் நெருக்குகிறார்கள். பிள்ளைக்கோ தாதியாகத்தான் விருப்பம்.

உங்கள் தவிப்பு விளங்குகிறது அம்மா. ஆனால் வயலை விற்காதீர்கள். அங்கே பட்டம் எடுத்து வந்தாலும், இங்கே தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் டொக்டராகப் பதியலாம். அதுவரைக்கும் குடும்பம் எதை நம்பி இருக்கும்?

"ஊசி போடுற வேலைக்கா இவ்வளவு படிச்சவள்?" என்று கேட்கிறார்களாம். அவசர சிகிச்சைப் பிரிவைக் கிட்ட நின்று பார்க்காதவர்களின் பேச்சு அது. செப்சிஸ் நோயாளியை எடுங்கள். கிருமித்தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி, உறுப்புகள் பழுதாகத் தொடங்கும் நிலை. பிரஷர் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாலும் ஊசி ஏற்ற வேண்டிய நாளம் பிடிபடாது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இதற்கெனப் பயிற்சி பெற்ற தாதியர் கட்டிலடிக்கே ஸ்கேன் கருவியைக் கொண்டுவருகிறார்கள். ஜெல் பூசிக் கையில் வைத்தால் நாளம் கறுப்பு வட்டமாகத் தெரியும். மெல்ல அமுக்கினால் நாளம் தட்டையாகும்; இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாடி அவ்வளவு லேசில் அமுங்காது, துடிக்கும். ஊசி நுனி வட்டத்துக்குள் இறங்குவதைத் திரையில் பார்த்தபடியே ஏற்றலாம்.

அப்புறம் சேலைன். முதல் 3 மணித்தியாலத்தில் கிலோவுக்கு 30 மில்லிலீற்றர் என்கிறது சர்வதேச வழிகாட்டல். 50 கிலோ ஆளுக்கு ஒன்றரை லீற்றர். அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோர்க்கும். நெஞ்சில் அதே ஸ்கேன் கருவியை வைத்தால் அந்த நீர் வெள்ளைக் கோடுகளாகக் கீழிறங்குவது தெரியும். முடிவெடுப்பது டொக்டர், ஆனால் இரவு முழுக்கப் பக்கத்தில் நின்று முதலில் கண்டு சொல்பவர் தாதி. பதிவுபெற்ற பிறகு மேலதிகமாகக் கற்கிற திறமை இது.

இரவு டியூட்டி கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் அம்மம்மா வாட்டில் கிடந்தபோது எத்தனை மணிக்கு என்ன மருந்து ஏறியது என்று, யாரும் சொல்லாமலே கொப்பியில் எழுதிவைத்த பிள்ளை இவள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மனதை மாமன்மாருக்காக மாற்றச் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டப்படிப்பு இருக்கிறது, கட்டணமில்லை. அதற்கும் புள்ளி எட்டாவிட்டால் சுகாதார அமைச்சின் தாதியர் பயிற்சிக் கல்லூரி. 3 வருடம், படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தாதியியலை ஒப்புக்குக் கடைசியில் போடாமல் முன்னுக்குப் போடச் சொல்லுங்கள். பயிற்சிக் கல்லூரிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும். பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள்.