பீப் சத்தமும் எர்த்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 1996 மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் வண்டி. போன வருடம் டிங்கரிங் பார்த்து முழுக்கப் பெயிண்ட் அடித்தேன். அதற்கப்புறம் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. பிரேக்கை மிதித்தால் மீட்டர் போர்டு விளக்கு மங்கலாக எரிகிறது. பேட்டரி புதிது. ஆல்டர்னேட்டரும் பார்த்தாயிற்று. எலக்ட்ரீஷியன் மல்ட்டிமீட்டர் வைத்து, பீப் வருகிறது, எர்த் நன்றாக இருக்கிறது, முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். எல்.இ.டி. பல்பு போட்டால் லோடு குறைந்து சரியாகுமா? எந்தக் கம்பெனி பல்பு வாங்கலாம்?

கே., தூத்துக்குடி

*

அன்புள்ள கே.,

எல்.இ.டி.யை இப்போதைக்கு விடுங்கள். 1996 வண்டியை விற்றுத் தொலைக்காமல் பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்ளும் ஆளை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு அளவுகூட எடுக்காமல் பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் காசு கொடுத்திருக்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘பெயிண்ட் அடித்த பிறகு’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? எர்த் என்பது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி. அந்த எர்த் வயர் பாடியில் உட்காரும் இடம் வெறும் இரும்பாக இருக்கவேண்டும். பிரைமரும் பெயிண்டும் ஏறிய தகட்டின்மேல் லக்கை, அதாவது வயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை, வைத்து முடுக்கினால், கரண்ட் போக போல்ட்டின் மரை மட்டும்தான் மிச்சம். உங்கள் ஊர் உப்புக்காற்று அதையும் அரித்துவிடும்.

இனி அந்த பீப். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நிறைய மீட்டர்களில் 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். அந்தச் சோதனைக்கு மீட்டர் அனுப்புவது ஏதோ ஒரு மில்லி ஆம்பியர். செல்ஃப் மோட்டார் கேட்பதோ 100 ஆம்பியர் அளவில். கேபிளின் இழைகளெல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சந்தோஷமாகக் கத்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த்தில் 0.02 ஓம் தடை இருந்தால், 100 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 2 வோல்ட் காலி. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 10.5 வோல்ட் இருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது எட்டரைதான். அந்த 0.02 ஓமைச் சாதாரண மீட்டர் காட்டவே காட்டாது. மீட்டர் வயர்களின் முனையில் இருக்கும் புரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 என்று ஆடுகிற கருவி அது. எர்த்தை ஓம்ஸில் பார்க்காதீர்கள். கரண்ட் ஓடும்போது வோல்ட்டில் பாருங்கள்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொள்ளுங்கள். இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன வயரைக் கழற்றிவிட்டால் என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் வெறுமனே சுற்றும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு புரோப் பேட்டரி நெகட்டிவில், கிளாம்பில் இல்லை, நடுவில் இருக்கும் ஈயக் குமிழில். சிவப்பு என்ஜின் பிளாக்கில், துருவும் எண்ணெயும் இல்லாத இடத்தில். இன்னொருவரை விட்டு 4, 5 விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 தாண்டினால் எர்த்தில் கோளாறு, பேச்சே இல்லை. அப்புறம் சிவப்பை அங்கேயே வைத்துக்கொண்டு கறுப்பைக் குமிழிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிள் லக்குக்கு, லக்கிலிருந்து போல்ட் தலைக்கு என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் செல்ஃப் அடித்துப் பாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கே.

பாடிக்குத் தனியாக ஒரு சோதனை. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, பாடியின் வெறும் இரும்புக்கும் நெகட்டிவ் குமிழுக்கும் நடுவே பாருங்கள். 0.1க்கு மேல் போகக் கூடாது.

மீட்டரே இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக பிளாக்குக்குக் கொடுத்து செல்ஃப் அடியுங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த்தான் குற்றவாளி. என்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். என்ஜினுக்கு வரும் எர்த் பட்டை (ஸ்ட்ராப்) போய்விட்டால் செல்ஃபின் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்தபின் அந்தக் கேபிள் சுட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

சரிசெய்ய முழு வயரிங் எதற்கு? பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தெறிக்கும் பொறியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். லக் உட்காரும் இடத்தை, லக்கின் அகலத்துக்கு, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். லக்குக்குள் பச்சை பூத்திருந்தால் கேபிளையே மாற்றிவிடுங்கள். பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு 25 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் தாராளம். லக்கை நன்றாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், சுத்தியலால் நசுக்கித் தருவார்கள், விடாதீர்கள். ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முடுக்குவதற்கு முன்னால் அப்பிவிட்டு உட்கார வைப்பவர்கள் உண்டு. தேவையில்லை.

மீட்டர் போர்டு விளக்கு விஷயம் பின்னால், டெயில் லேம்பில் இருக்கிறது. பிரேக் பல்பில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை. இரண்டுக்கும் எர்த் ஒன்று. அது விட்டுப்போனால் பிரேக்கின் கரண்ட் 5 வாட் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, பார்க் லைட் வயரைப் பிடித்து, மீட்டர் போர்டு பல்பு வழியாக எர்த்தைத் தேடிப் போகும். அதைத்தான் மங்கலான வெளிச்சமாகப் பார்க்கிறீர்கள். டிக்கியைத் திறந்து லேம்பின் எர்த் வயரிலிருந்து நல்ல எர்த்துக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். பிரேக் லைட் பளிச்சென்று எரிந்து மீட்டர் போர்டு அணைந்தால், அந்த எர்த் போல்ட்டைச் சுற்றியும் பெயிண்டைச் சுரண்டுங்கள். புது ஓட்டை மட்டும் போடாதீர்கள், அங்கேயிருந்துதான் அடுத்த துரு கிளம்பும்.