ஒரே ஆண்டு, ஒரே நாடு, இரண்டு ராணுவச் செலவுக் கணக்கு ஏன்?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பட்ஜெட் தொகையும், உலக நாடுகளின் ராணுவச் செலவைத் தொகுத்து வெளியிடும் ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனமான சிப்ரியின் (SIPRI) பட்டியலில் உள்ள தொகையும் ஒத்துப்போகவில்லை, யாரோ மறைக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். மறைப்பதெல்லாம் இல்லை நண்பரே, இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில், "பாதுகாப்புத் துறை பட்ஜெட்" என்பது ஒரு துறையின் கணக்கு மட்டுமே. அமெரிக்காவின் அணு ஆயுதச் செலவு எரிசக்தித் துறையில் இருக்கிறது, முன்னாள் படைவீரர் நலனுக்குத் தனித் துறையே உண்டு. ராணுவ ஓய்வூதியத்தைச் சிப்ரி சேர்க்கும், முன்னாள் படைவீரர் சலுகைகளைச் சேர்க்காது. இது போதும் குழப்பத்துக்கு.

அப்புறம் பலரும் தடுக்கி விழும் இடம்: ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. ஒரு போர்க்கப்பலுக்கு நாடாளுமன்றம் இந்த ஆண்டு அனுமதி தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பணம் கப்பல் கட்டக் கட்ட பல ஆண்டுகளில்தான் கஜானாவை விட்டு வெளியே போகும், அதனால் ஒதுக்கீடு எகிறிய ஆண்டில் செலவு அப்படியே கிடக்கலாம். போதாக்குறைக்கு அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது; சிப்ரி மற்ற நாடுகளின் கணக்கைக் காலண்டர் ஆண்டுக்கு மாற்றித் தந்தாலும், அமெரிக்கக் கணக்கை நிதியாண்டிலேயே தருகிறது.

நீங்கள் போட்ட வரைபடத்தில் இன்னொரு சிக்கல்: 1990-ன் டாலரையும் இன்றைய டாலரையும் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். நிலையான விலையில், அதாவது விலைவாசி உயர்வைக் கழித்துக் கணக்கிட்ட பட்டியலை எடுங்கள். பல நாடுகளை ஒப்பிடுவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள், கலக்காதீர்கள்.