வீட்டுக்குள் சிகரெட் பிடித்தால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர், சிடி பிளேயர் எல்லாம் கெட்டுப்போகுமா?

கெடும். ஆனால் கெட்டுப்போன எல்லாமே அதனால் கெட்டதாக இருக்காது. இதை யாராவது 2005இல் எனக்குச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்காது. அதனால்தான் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹாலில் ஒருவர் தினமும் பத்துப் பதினைந்து சிகரெட் பிடிக்கிறார், செட்டும் அதே ஹாலில்தான் இருக்கிறது, இப்போது ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது, புகைதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'ஒருவர்' உங்கள் அப்பாவாகவோ மாமனாராகவோதான் இருப்பார் என்று நினைக்கிறேன். தம்பியாக இருந்தால் நேராகவே சொல்லியிருப்பீர்கள், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். பெரியவரிடம் பேசுவதற்கு முன்னால் கையில் ஓர் ஆதாரம் வேண்டும் என்று தேடுகிறீர்கள். நானும் அப்படித்தான் தேடினேன்.

நான் சிகரெட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிடித்ததே இல்லை. வீட்டில் குழந்தை இருந்தால் ஆம்ப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், குழந்தைக்காகவே உள்ளே பிடிக்காதீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கு வேறு ஆதாரம் எதுவும் தேவையில்லை. கீழே எழுதியிருப்பது முழுக்க மெஷினைப் பற்றி.

சிங்கப்பூரில், ஈசூனில் எங்களுடையது மூவறை வீடு. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். 1979இல் ஓவர்டைம் காசைச் சேர்த்து ஒரு சான்சூயி கம்பெனி ஆம்ப் வாங்கினார், ஸ்பீக்கர் ஜோடி 1988இல் வந்தது, அப்புறம் ஒரு கேசட் டெக். ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டுக் கைலியோடு நாற்காலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்காருவார். சாம்பல் கிண்ணம் ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவரைக் கூப்பிட மாட்டோம்.

கட்டாய ராணுவச் சேவையான தேசிய சேவை முடித்து முதல் வேலைக்குப் போனபின், 2003இல், நான் ஒரு சிடி பிளேயர் வாங்கி அந்த ஆம்ப்புக்கு மேல் தட்டில் வைத்தேன். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, தட்டைப் போட்டால் கொஞ்சம் சுற்றும், நிற்கும், 'நோ டிஸ்க்' என்று காட்டும். வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். லேசர் போய்விட்டது என்று சொல்லி மாற்றி 140 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். எட்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. இந்த முறை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஒரு சின்ன மேசை போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த வயதான சீன அங்கிளிடம் எடுத்துப் போனேன். அவர் மூடியைக் கழற்றி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தொட்டு லென்ஸ் மேல் ஒரே ஒரு சுற்று சுற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். பஞ்சு தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருந்தது. தட்டைப் போட்டார், மூன்று நொடியில் பாடியது. பத்து வெள்ளிதான் வாங்கினார். அப்படியானால் முதலில் கொடுத்த 140 வெள்ளி எதற்கு என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

லென்ஸ் ஏன் முதலில் அடிவாங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். துவரம்பருப்பு அளவு பிளாஸ்டிக் துண்டு அது. அதன் வழியாக 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி போய், தட்டில் பட்டு, அதே வழியில் திரும்பி வர வேண்டும். தட்டில் இருக்கும் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. அவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்யும் கண்ணில் பிசுக்குப் படிந்தால் போகும்போதும் ஒளி குறைகிறது, வரும்போதும் குறைகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தப் பஞ்சுக்குச்சியை டிஷ்யூவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பா முன்னால் மேசையில் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போது இடது ஸ்பீக்கரும் பேஸ் வரும்போது கரகரத்துக்கொண்டிருந்தது, வால்யூமைத் திருப்பினால் சரசரவென்று சத்தம் வரும், கேசட் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தால் பஞ்சில் பழுப்பு ஒட்டும். எல்லாவற்றையும் அடுக்கினேன். "எல்லாம் உங்க சிகரெட்டாலதான்ப்பா, இவ்வளவு காசு போட்டு வாங்கினதை நீங்களே பாழாக்கிட்டீங்க"ன்னு கத்திவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்பா அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிடா, இனிமே கீழ போயிப் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து வாய்ட் டெக்தான், அதாவது புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் திறந்த இடம். நாற்காலி சுவரோரம் போய்விட்டது. பாட்டும் குறைந்துபோனது. 2013 ஜனவரியில் வாய்ட் டெக், காரிடார், படிக்கட்டு எல்லா இடத்திலும் புகைக்கத் தடை வந்தது. முட்டி வலியோடு லிஃப்டில் இறங்கி, புளோக்கைத் தாண்டி வெட்டவெளியில் போய் நிற்பார். (சட்டம் சரியானதுதான், அதைக் குறை சொல்லவில்லை.) 2016இல் தவறிவிட்டார்.

2017 ஜூலையில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையை மூடினார்கள் அல்லவா, அதற்கு இரண்டு வாரம் முன்பு கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று போனேன். ஒருவர் தரையில் பிளாஸ்டிக் விரித்துப் பழைய ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்திருந்தார், பத்துப் பன்னிரண்டு ஜோடி இருக்கும், வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு வயது. முன்துணி இல்லாமல் இருந்ததால் உள்ளே அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு தெரிந்தது. கூம்பைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் ஒன்றில்கூட முழுசாக இல்லை. கேக் மாதிரி உதிர்ந்து, தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டியது. எங்கள் இடது ஸ்பீக்கரில் இருந்தது இதே உதிர்தல்தான். இத்தனை வீட்டிலுமா சிகரெட் பிடித்தார்கள்? கடைக்காரரிடம் கேட்டேன். "தம்பி, இந்த ஊர் ஈரத்துக்கு ஃபோம் நிக்காது" என்றார் அந்தத் தமிழ்ப் பெரியவர்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அந்த வளையம் பாலியூரித்தேன் ஃபோம். காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும், சூடு அதை இன்னும் வேகமாக்கும். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்துக்கு மேல். புகையே படாத வீட்டிலும் பத்துப் பதினைந்து வருடத்தில் உதிர ஆரம்பித்துவிடும். ரப்பர் வளையம் உள்ள ஸ்பீக்கர் இந்தத் தொல்லை இல்லாமல் நீண்ட நாள் உழைக்கும். கேசட் ஹெட்டில் வந்த பழுப்பும் பெரும்பாலும் நாடாவிலிருந்து உரியும் இரும்பு ஆக்சைடு, எந்த வீட்டு டெக்கைத் துடைத்தாலும் வரும். வால்யூம் குமிழின் சரசரப்பு பாதிப்பாதி. உள்ளே கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக விரல் தேய்ந்து ஓடுகிறது. புகைப் பிசுக்கு அங்கே தூசியைப் பிடித்து வைக்கும், உண்மைதான், ஆனால் பழைய குமிழ் சும்மா இருந்தாலே கரகரக்கும். ஆக நான் மேசையில் அடுக்கிய நான்கில் முழுக்க அப்பாவின் புகை செய்தது லென்ஸ் ஒன்றுதான்.

அந்த மாதமே சான்சூயியைத் திறந்தேன். புகை என்ன செய்யும் என்பதை அதில் நன்றாகப் பார்க்கலாம். ஆம்ப் சூடானதும் உள்ளே இருக்கும் காற்று மேல் துளை வழியாக ஏறும், கீழ்த் துளை வழியாக ஹால் காற்று உள்ளே போகும். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கும் புகையில் கொஞ்சம் உள்ளே போய் எல்லாவற்றின் மேலும் படியும். மூடியின் உள்பக்கத்தில் துளை இருந்த இடம் முழுக்க வரிவரியாகப் பழுப்பு. சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட் சிங்கில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, ஊதினால் போகவில்லை, சிகரெட் புகையின் தார் பிசின் மாதிரி அதைப் பிடித்து வைத்திருந்தது. இதுதான் ஆம்ப்புக்கு உண்மையான ஆபத்து, சூடு வெளியே போக முடியாது. ஈரத்துணி பட்டதும் அறை முழுக்கப் பழைய சிகரெட் நெடி கிளம்பியது. புகைப்படலமா வெறும் தூசியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அதில் அம்மா வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணியும், 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை போனதே அந்தப் புகைமூட்டமும், மீன் பொரித்த எண்ணெய்ப் புகையும் சேர்ந்திருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. குமிழுக்குக் கான்டாக்ட் கிளீனர் (மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து முப்பது தடவை திருப்பினேன், சரசரப்பு போய்விட்டது. 1979 மாடல், இன்றைக்கும் பாடுகிறது. புகையால் ஆம்ப் செத்துவிடும் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். ஒரு ஆம்ப்பை வைத்து முடிவு சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

கேசட் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் சிங்கப்பூர் வானொலித் தமிழ் நிகழ்ச்சிகளை அப்பா அறுபது கேசட்டுக்கு மேல் பதிவு செய்து வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், யார் பேசியது என்று பச்சை மையில் எழுதியிருப்பார். 2009 தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது நான் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சியில் இருந்தேன். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அந்தப் பெட்டியை அப்படியே பழைய சாமான் எடுக்க வரும் காராங் குனிக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். "இப்ப யாரு கேசட் கேக்கறா" என்றார். டெக் ஹாலில்தான் இருந்தது, வேலையும் செய்தது. ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? இன்றைக்கும் பழைய கேசட் விற்பனைக்கு என்று படம் போட்டிருந்தால் பெரிதாக்கிப் பச்சை மை தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். ஆம்ப்பை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிப் போடுங்கள். கரகரப்பு மற்ற ஸ்பீக்கருக்குப் போனால் கோளாறு ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது, அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கரில். ஆம்ப்பைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், பழக்கமில்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். சிடி பிளேயர் திக்கினால், லேசரை மாற்றச் சம்மதிப்பதற்கு முன்னால் லென்ஸைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே செய்வதானால் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஒரு துளி போதும், அழுத்தவே கூடாது, லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. ஆம்ப்பின் முகப்பு எழுத்துகளில் அந்த ஆல்கஹாலைத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். இசைத்தட்டு கேட்பவராக இருந்தால் ஊசியை அடிக்கடி பாருங்கள், பிசுக்கும் தூசியும் அங்கேதான் உருண்டையாகச் சேரும். செட்டை ஜன்னலோரமாகவும், அவர் உட்காரும் இடத்திலிருந்து தள்ளியும் வையுங்கள். பாடாத நேரத்தில் துணி போட்டு மூடுங்கள், பாடும்போது மூடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே, ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி அந்த வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக உதிர்ந்து ஒட்டினால் அது புகை இல்லை. அதைப் போய் அவரிடம் சொல்லிவிடுங்கள்.