ஒரு கால் சற்றுக் குட்டையாக இருந்தால் நடக்கும்போது தசைகளுக்கு என்ன ஆகிறது?

ஒரு காலின் எலும்புகள் மறு காலினுடையவற்றைவிடக் குட்டையாக இருப்பதையே கால் நீள வேறுபாடு என்கிறோம். 1 சென்டிமீட்டருக்குள் அடங்கும் வேறுபாடு பலருக்கும் உண்டு. பெரும்பாலோர் அதை உணர்வதேயில்லை.

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு காலை நடைபாதையின் விளிம்பிலும் மறு காலைக் கீழே சாலையிலும் வைத்துப் பத்து எட்டு நடப்பதாக எண்ணிப் பாருங்கள் (வண்டிகள் ஓடும் இடத்தில் செய்து பார்க்க வேண்டாம்). குட்டைக் காலைப் போன்ற நிலையில், கீழே உள்ள கால், தரையை எட்டுவதற்காகக் குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் ஊன்ற முயலும். அதனால் கெண்டைக்கால் தசை கூடுதலாக இறுகும். நீண்ட காலைப் போன்ற நிலையில், மேலே உள்ள காலின் முழங்காலோ சற்று மடங்கியே இருக்கும். மடங்கிய மூட்டின்மீது உடல் எடை இறங்குவதால், நிமிர்ந்த காலில் ஓரளவு ஓய்வெடுக்கும் முன்தொடைத் தசை இங்கே தொடர்ந்து உழைக்க நேரிடுகிறது. நீண்ட கால் தரையில் உரசாமல் முன்னே வர, அந்தப் பக்க இடுப்பைத் தூக்க வேண்டியிருப்பதால் கீழ்முதுகின் பக்கவாட்டுத் தசையும் சேர்ந்துகொள்கிறது. குதிகால் உயர்வதும் முழங்கால் மடங்குவதும், இடுப்பைச் சமமாகவும், உடல் மேலும் கீழும் அதிகம் ஆடாமலும் வைத்திருக்க உடல் செய்யும் ஏற்பாடே.

படுத்திருக்கும்போது கணுக்கால்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் எலும்பே குட்டை என்று முடிவுகட்டிப் பலர் காலணிக்குள் அட்டை வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் எலும்புகள் சம நீளமாக இருந்து, தசை இறுக்கத்தால் இடுப்பு சாய்ந்திருந்தாலும் கால்கள் அப்படித்தான் தெரியும்.