அப்பாவின் ஹெரால்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் அப்பா கால்நடை மருத்துவர். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் ஹெரால்டு மார்க் 3 வண்டியில்தான் போவார். 1970 மாடல், நான்கு கதவு. 1978இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். 2010இல் கண் மங்கியதும் கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார். கஜா புயலில் கொட்டகை போய்விட்டது. சுற்றியிருந்த தென்னைகளில் ஒன்றுகூட வண்டி மேல் விழவில்லை. அப்பா இரண்டு வருடம் முன்பு காலமானார்.

சென்னையில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறைக்குப் படங்கள் அனுப்பினேன். பாடியை முழுசாகக் கழற்றி, ஃபேக்டரியிலிருந்து வந்தது போலவே ஆக்கித் தருகிறோம், எட்டு லட்சம், ஒரு வருடம் என்கிறார்கள். பின் சீட்டில் பாதியை எடுத்துவிட்டு அப்பா ஒரு மரப்பெட்டி பொருத்தியிருந்தார், மருந்தும் கருவிகளும் வைக்க. அது குப்பை, தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். நிறமும் அசல் இல்லையாம். உண்மைதான். வீட்டு கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய பச்சை பெயின்டை ஒரு பொங்கலுக்கு அப்பாவே வண்டிக்கும் அடித்துவிட்டார்.

தம்பி, பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறான். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. பட்டறையில் கொடுத்துவிடலாமா?

க., பட்டுக்கோட்டை

அன்புள்ள க.,

கொடுக்காதீர்கள். இப்போதைக்காவது வேண்டாம்.

அந்தப் பட்டறைக்காரரை எனக்குத் தெரியாது, அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் 'பாடியை முழுசாகக் கழற்றி' என்று படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது இரண்டு கதவு ஹெரால்டு. அப்பா போன பிறகு, 2004இல், ஒரு பட்டறையில் விட்டேன். மூன்றே நாளில் பிரித்துவிட்டார்கள். என்ன வேகம் என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். பிரித்த வண்டி அதற்கப்புறம் மூன்று வருடம் சேரவில்லை. பெயின்டர் ஊருக்குப் போனார். பட்டறை இடம் மாறியது. மாறிய கையோடு கதவுக் கைப்பிடிகளும் ஒரு சாக்கு நிறைய போல்ட்டு நட்டும் எங்கேயோ போயின. பழைய கார்ச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டைச் சந்துகளில் நான் அலைந்த சனிக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. ஒருவழியாக வண்டி வந்தது. மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. இடது கதவு மட்டும் சாத்தவில்லை. தூக்கிப் பிடித்து அழுத்தினால் சாத்தும், பள்ளத்தில் இறங்கினால் தானே திறந்துகொள்ளும்.

ஏன் என்பது ஹெரால்டு பிறந்த கதையிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953இல் வாங்கிவிட்டது. ஒரே கூடாக பாடி செய்து தர ஆள் இல்லாமல் போயிற்று. சரி, பழைய முறைப்படி தனியாக ஒரு சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், செய்வோம், பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து வாங்கி அதன் மேல் போல்ட் போட்டு முறுக்குவோம் என்று முடிவு செய்தார்கள். உருவம் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவன்னி மிகெலோட்டி வரைந்தது. 1959இல் வண்டி வெளிவந்தது. அந்தத் துண்டுகளுக்கும் சேசிஸுக்கும் நடுவே சின்னச் சின்னத் தகடுகளை பேக்கிங்காக வைத்திருப்பார்கள். ஓரிடத்தில் ஒன்று இருக்கும், இன்னோரிடத்தில் மூன்று இருக்கும். கதவு ஒழுங்காக உட்காருவது அந்தத் தகடுகளின் கணக்கில். எந்த இடத்தில் எத்தனை என்று குறித்துவைக்காமல் கழற்றினால் தீர்ந்தது. என் வண்டியின் தகடுகள் எல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடந்தன.

ஹெரால்டு, கழற்றுகிறவனை ஆசை காட்டி இழுக்கும் வண்டி. பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் கை வைக்கலாம். ஸ்பானர் செட் இருந்தால் பள்ளிக்கூடப் பையன்கூட ஒரு மத்தியானத்தில் பாதியைப் பிரித்துவிடுவான். அம்பாசடரிடம் இந்த வம்பு கிடையாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புவது டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டையின் மேல். எஃகுத் தண்டின் அடியில் மரை வெட்டி, அந்தக் கட்டைக்குள் திருகி விட்டிருப்பார்கள். அதற்குள் கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் பாக்ஸுக்கு விடுகிற 90 ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரைக்கும் போகாது. தண்ணீர் இறங்கி, துரு ஏறி, தண்டு உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. என் அப்பா சில மாதங்களுக்கு ஒருமுறை பழைய பனியனும் ஆயில் கன்னுமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். பெட்ரோல் பங்கில் பத்து ரூபாய் கொடுத்தால் கிரீஸ் அடிப்பார்களே, இவர் ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்திருக்கிறேன். பட்டறையிலும் 'கிரீஸ் நல்லா போட்டாச்சு சார்' என்றார்கள். எட்டு மாதம் கழித்து வீட்டு வாசலில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது தண்டு முறிந்தது. சக்கரம் மடங்கி, வண்டி ஒரு பக்கமாக மண்டியிட்டுவிட்டது. நடை வேகம், அதனால் பிழைத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்திருந்தால் உங்களுக்கு வேறு யாராவது பதில் எழுதிக்கொண்டிருப்பார்.

அதனால் முதலில் வண்டியை ஓட வையுங்கள். இருக்கிற இடத்தில், இருக்கிற கோலத்தில். பெயின்ட், சீட், குரோம் எல்லாம் அப்புறம். ஓடாத வண்டிக்குச் செய்யும் அலங்காரம் எத்தனையோ ஹெரால்டுகளைப் பாதி வழியில் சாக்கு மூட்டைகளாக நிறுத்தியிருக்கிறது.

பதினாலு பதினைந்து வருடம் நின்ற எஞ்சினுக்குப் புது பேட்டரி போட்டு செல்ஃபை அழுத்திவிடாதீர்கள். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, இரண்டு பேராக முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். எஞ்சின் சுற்றினால் பாதி வேலை முடிந்தது. சிறிய எஞ்சின்தான், 948 சிசி. அதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த கேஸல் காரிலும் இதைத்தான் வைத்தார்கள். டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் அல்ல, வார்னிஷ். கழற்றிக் கழுவுங்கள். ரப்பர் ஓஸ்கள், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு (டயாப்ரம்) இரண்டையும் மாற்றிவிடுங்கள். இன்று பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதைத் தாங்காது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து டேங்கையும் அரிக்கும்.

பிரேக்கில் ஒரு பைசா மிச்சம் பிடிக்க வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் பெடல் தரையோடு போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஓஸ் எல்லாம் புதிது போடுங்கள். டயர் 13 அங்குலம், அதற்குக் கஷ்டப்பட வேண்டாம். டிரன்னியனும் தண்டும் பற்றி நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஹெரால்டும் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம் என்பதால் பிரிட்டனில் இந்தச் சாமான்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், தபாலில் வரும். உங்கள் பின் கதவுகளுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. அதை யாராவது 'கொஞ்சம் தட்டி எடுக்கிறேன்' என்றால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் போய், சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையெல்லாம் குத்திப் பாருங்கள். (ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள். கட்டை கொடுங்கள்.) உப்புக்காற்று ஊர், பெரிய பகுதி உளுத்துப் போயிருந்தால் பாடியைத் தூக்கத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் உங்கள் கண் முன்னால், ஒவ்வொரு தகட்டையும் படம் பிடித்து, டப்பாவில் எண் எழுதி.

இனி அந்த ஃபேக்டரி விஷயம். அம்பாசடர் உத்தர்பாராவிலிருந்தும் ஃபியட் பம்பாயிலிருந்தும் வந்த காலத்தில் ஹெரால்டு நம்ம மெட்ராஸ் வண்டி, வண்டலூரில் செய்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் 1970இல் வண்டலூர் கேட்டைத் தாண்டி வெளியே வந்த அந்தப் புது வண்டியை உங்கள் அப்பா கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் கைக்கு வரும்போது அதற்கு எட்டு வயது. எட்டு லட்சம் செலவழித்து நீங்கள் மீட்கப் போவது, முகம் தெரியாத முதல் சொந்தக்காரரின் வண்டியை. உங்கள் அப்பாவின் வண்டி அரை சீட்டும் மரப்பெட்டியுமாக இதோ உங்கள் கொல்லையில் நிற்கிறது.

பெட்டியைத் தொடாதீர்கள். பச்சை விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. கேட்டும் காரும் ஒரே நிறத்தில் நின்ற வீட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது. ஆனால் பிரஷ்ஷில் அடித்த எனாமலுக்கு அடியில் துரு சுகமாக வளரும். துருப்பிடித்த இடங்களைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். சுரண்டியபின் என்ன நிறம் என்பதை உங்கள் அம்மாவோடு பேசிக்கொள்ளுங்கள்.

காகித வேலை சுலபமில்லை, செய்யக்கூடியதுதான். வாகன உரிமையாளர் இறந்துவிட்டால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, தாமதத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டிவரும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் எல்லாம் கேட்பார்கள். அதாவது தம்பி கையெழுத்துப் போட வேண்டும். இரும்புக்கடைப் பேச்சை அவரோடு இப்போதே முடித்துக்கொள்ளுங்கள், வண்டி ஓடத் தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் அது வேறு மாதிரி போகும்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021இல் ஒரு விதி வந்தது. பத்து வருடம் செல்லும். எஞ்சினையும் சேசிஸையும் பாடியையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. பேராவூரணிக்கு ஒரு நடை போய்வர ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பிக்கப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிக் கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கடிதத்தில் எனக்கு ஒரு குறை. 1978இலிருந்து 2010 வரை முப்பத்திரண்டு வருடம் அந்த வண்டி கிராமத்துச் சாலைகளில் ஓடியிருக்கிறது என்றால், பட்டுக்கோட்டையில் அதற்கென்று ஒரு மெக்கானிக் இருந்திருக்க வேண்டும். அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை. இன்று எழுபது எழுபத்தைந்து வயது இருக்கலாம், தொழிலை விட்டிருக்கலாம். எந்தப் போல்ட் மரை தேய்ந்தது, எந்தச் சாமானுக்குப் பதில் எதைக் கடைந்து போட்டது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். டிரன்னியனுக்கு உங்கள் அப்பா ஆயில் விடச் சொன்னாரா, கிரீஸா என்பதும். சென்னைக்கு அடுத்த படம் அனுப்புவதற்கு முன் அவரைத் தேடி ஒரு நடை போய்வாருங்கள். கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.